முதல் வரியின் எடை விலையாக நின்றது: கணிப்பானின் மாறிலி வசதியும் ஒரு பட்டுவாடாப் பிழையும்

பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயம் பயிரிடும் சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு மாதம் இருமுறை சென்று கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்து வருகிறேன். ஒரு சனிக்கிழமை மாலை அங்கிருந்து அழைப்பு வந்தது. ரொக்கப் பெட்டியில் கணக்கைவிட 1,630 ரூபாய் அதிகமாக இருப்பதாகச் சொன்னார்கள். பணம் குறைந்தால் பதறுகிறவர்கள் கூடினால் பதறுவதில்லை. ஆனால் விவசாயிகளுக்குப் பட்டுவாடா செய்யும் பெட்டியில் பணம் கூடியிருக்கிறது என்றால் யாரோ ஒருவருக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்பதுதான் அதன் முதல் பொருள். ஆகவே மறுநாள் காலையிலேயே புறப்பட்டுப் போனேன்.

கடைசியில் கண்டுபிடித்தது திருட்டும் அல்ல, கவனக்குறைவும் அல்ல. மேசைக் கணிப்பானில் ஒரே எண்ணால் பல எண்களைத் தொடர்ந்து பெருக்க உதவும் மாறிலி வசதி, ஒவ்வொரு வகைக் கருவியிலும் ஒவ்வொரு விதமாக இயங்குகிறது என்பது அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்கே அன்றுவரை பாதிதான் தெரியும். அதனால்தான் நடந்ததை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

பெட்டியில் மிகுந்த தொகை

உறுப்பினர்கள் காலையில் மூட்டைகளைக் கொண்டுவருவார்கள். மின்னணுத் தராசில் எடை போட்டு, கிலோவுக்கு முழுதாக்கி, சாக்குக்கு ஒரு கிலோ கழித்து, நிகர எடையை அன்றைய விலையால் பெருக்கி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தொகை எழுதுவது வழக்கம். இந்தப் பட்டுவாடாப் பட்டியலைத் தயாரிப்பவர் இரண்டு ஆண்டுகளாக அங்கே கணக்கு எழுதிவரும் ஒரு பெண். இதற்கிடையில் தலைமைச் செயல் அலுவலர் மொத்த எடையை விலையால் பெருக்கி, அந்தத் தொகையை வங்கியிலிருந்து எடுத்துவருவார். கொள்முதல் பதிவேட்டிலும் ரொக்கப் புத்தகத்திலும் ஏறுவது அந்த மொத்தத் தொகைதான். பட்டியலின் கூட்டுத்தொகையும் பதிவேட்டின் தொகையும் ஒன்றா என்று ஒப்பிடும் ஒரு வரி எங்குமே இல்லை. பிழை அந்த இடைவெளியில்தான் நான்கு நாள் ஒளிந்திருந்தது.

1,630 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, கணக்கர்கள் வழிவழியாகச் செய்யும் இரண்டு சோதனைகளை முதலில் செய்தேன். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், 54ஐ 45 என்று எழுதியது போல இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 1,630 அப்படி வகுபடவில்லை. வித்தியாசத்தில் பாதி எங்காவது ஒரு தொகையாக நின்றால், பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருக்கலாம். 815 என்ற தொகை எந்தப் பக்கத்திலும் இல்லை. எனவே வாரம் முழுவதையும் ஒன்றாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, நாள் நாளாகப் பட்டியல்களைக் கூட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

திங்கள், வியாழன், வெள்ளி ஆகிய நாட்களில் வித்தியாசம் இல்லை. செவ்வாய்க்கிழமை 23 உறுப்பினர்கள், 1,128 கிலோ, கிலோ 52 ரூபாய் 50 காசு. பதிவேட்டில் 59,220 ரூபாய், பட்டியலில் 54,360 ரூபாய். அதாவது விவசாயிகளுக்கு 4,860 ரூபாய் குறைவாகப் போயிருக்கிறது. புதன்கிழமை 14 உறுப்பினர்கள், 702 கிலோ, கிலோ 51 ரூபாய். பதிவேட்டில் 35,802 ரூபாய், பட்டியலில் 39,032 ரூபாய். இங்கே 3,230 ரூபாய் அதிகமாகப் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை மிகுந்த பணம் பெட்டியிலேயே கிடந்ததால், புதன்கிழமைப் பற்றாக்குறை யாருக்கும் தெரியாமல் அதிலிருந்து நிறைந்துவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மிச்சமாக நின்றதுதான் அந்த 1,630.

ஒரு நாள் குறைவு, மறுநாள் அதிகம் என்று வந்தபோதே, இதில் கெட்ட எண்ணம் இருக்க வாய்ப்பில்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் நான் போய்ச் சேர்வதற்கு முன்பாகவே அந்தப் பெண்ணிடம் எழுத்துபூர்வமான விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். அவர் அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். “ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன் சார், அதே தொகைதான் வருது” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சொல் உண்மைதான் என்பதும், அந்த உண்மைக்குள்ளேயே பிழையின் காரணம் இருந்தது என்பதும் பிறகு தெரிந்தது.

காசு காட்டிய தடயம்

செவ்வாய்க்கிழமை வித்தியாசமான 4,860 என்ற எண் 9ஆல் மீதியின்றி வகுபடுகிறது. அதனால் இலக்க இடமாற்றம்தான் என்று நம்பி, தராசுச் சீட்டுகளையும் பட்டியலையும் வரிவரியாக ஒப்பிடுவதில் அரை மணி நேரம் கழிந்தது. எடைகள் அனைத்தும் சரியாக இருந்தன. 9ஆல் வகுபடுவது இடமாற்றப் பிழைக்கு ஓர் அறிகுறி மட்டுமே. எந்த எண்ணும் தற்செயலாக வகுபடலாம் என்பதை நான் பிறருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று எனக்கே அது தேவைப்பட்டது.

வழி காட்டியது காசுப் பத்தி. விலை 52 ரூபாய் 50 காசு என்றால், ஒற்றைப்படை எடை கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும் தொகையின் முடிவில் 50 காசு வந்தே ஆக வேண்டும். அன்று 12 பேரின் எடை ஒற்றைப்படை. ஆனால் பட்டியலின் காசுப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை பூஜ்யங்களே இருந்தன. கணிப்பானில் பதின்ம இடங்களை நிர்ணயிக்கும் நகர்த்தி ‘0’ என்ற நிலையில் இருந்திருக்குமோ என்று முதலில் ஐயப்பட்டேன். அப்படி இருந்து முழுதாக்கியிருந்தால் 45 கிலோவுக்கு உரிய 2,362.50 என்பது 2,363 என்று வந்திருக்க வேண்டும். பட்டியலில் இருந்ததோ 2,160. அந்த ஐயம் அங்கேயே தீர்ந்தது.

பிறகு சில வரிகளை எடுத்துக்கொண்டு, குறைந்த தொகையை எடையால் வகுத்துப் பார்த்தேன். 45 கிலோவுக்குக் குறைந்தது 202.50, வகுத்தால் 4.50. 61 கிலோவுக்கு வர வேண்டியது 3,202.50, எழுதியிருந்தது 2,928, குறைந்தது 274.50, வகுத்தால் 4.50. 72 கிலோவுக்கு வர வேண்டியது 3,780, எழுதியிருந்தது 3,456, குறைந்தது 324, அதுவும் 4.50. கிலோவுக்கு 4 ரூபாய் 50 காசு என்று எல்லா வரியிலும் ஒரே அளவாகக் குறைந்திருக்கிறது என்றால், 52.50க்குப் பதிலாக 48 என்ற எண்ணால் பெருக்கியிருக்கிறார்கள். “இந்த மாசம் நாப்பத்தெட்டு ரூபா விலையே வரலை சார்” என்றார் அந்தப் பெண். விலைப் பதிவும் அதையே சொன்னது.

ஒரே ஒரு வரி மட்டும் சரியாக இருந்தது. அது முதல் வரி. முதலில் மூட்டை கொண்டுவந்தவரின் நிகர எடை 48 கிலோ. தொகை 2,520 ரூபாய், சரியான தொகை. அந்த 48ஐப் பார்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. முதல் ஆளின் எடை அவருக்குப் பின்னால் வந்த 22 பேருக்கும் விலையாகியிருக்கிறது. அந்த 22 பேரின் மொத்த எடை 1,080 கிலோ, அதை 4.50ஆல் பெருக்கினால் 4,860. புதன்கிழமைப் பட்டியலையும் இதே கண்ணோடு பார்த்தேன். அன்று முதல் ஆளின் எடை 56 கிலோ, விலை 51 ரூபாய். கிலோவுக்கு 5 ரூபாய் வீதம் மீதி 646 கிலோவுக்கு 3,230 ரூபாய் கூடியிருக்கிறது. இரண்டு நாளும் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லாமல் பொருந்திவிட்டது.

இந்தப் பிழை கண்ணில் படாததற்கு இந்தச் சரக்கின் இயல்பும் ஒரு காரணம். தங்க நகைக் கடையில் இப்படி முதல் நகையின் கிராம் எடை மற்றவற்றுக்கு விலையாக நின்றால் வரும் தொகை பார்த்த மாத்திரத்தில் தவறென்று தெரியும். இங்கே மூட்டையின் எடையும் ஐம்பதை ஒட்டியது, விலையும் ஐம்பதை ஒட்டியது. 2,362 வர வேண்டிய இடத்தில் 2,160 வந்தால் யாருக்கும் உறுத்தாது.

எந்த எண் நிற்கிறது?

அந்தப் பெண்ணிடம், அன்று எப்படிப் போட்டாரோ அப்படியே என் முன்னால் போடச் சொன்னேன். அவர் 48 × 52.5 = என்று அழுத்தினார்; 2,520 வந்தது. அடுத்து 45 என்று அழுத்தி நேராக = அழுத்தினார்; 2,160 வந்தது. விலை கணிப்பானின் நினைவில் நிற்கிறது, எடையை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவருடைய நம்பிக்கை. “கம்ப்யூட்டர்ல இப்படித்தான் சார் போடுவேன், சரியா வரும்” என்றார். அதுவும் உண்மை. செவ்வாய், புதன் இரண்டு நாட்களிலும் யுபிஎஸ் பழுதாகிக் கணினி இயங்கவில்லை. மற்ற நாட்களில் விண்டோஸ் கணினியில் உள்ள கணிப்பானையே அவர் பயன்படுத்தியிருந்தார். பழுது நீக்கி வந்திருந்த கணினியில் அதே வரிசையில் அழுத்திப் பார்த்தோம். 48 × 52.5 = என்பதற்கு 2,520; பிறகு 45 = என்பதற்கு 2,362.5.

ஒரே வரிசையில் அழுத்திய அதே விசைகள் இரண்டு கருவிகளில் இரண்டு விடைகளைத் தந்தன. இரண்டும் பழுதில்லாத கருவிகள். வேறுபாடு, = அழுத்திய பிறகு எந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது என்பதில் இருக்கிறது. கணினியின் கணிப்பான் எந்தச் செயலானாலும் இரண்டாவதாக இட்ட எண்ணை வைத்துக்கொள்கிறது. மேசைக் கணிப்பான்களில் பெரும் பகுதியாகக் காணப்படும் ஒரு வகை, கூட்டல், கழித்தல், வகுத்தல் ஆகிய மூன்றிலும் இரண்டாவது எண்ணை வைத்துக்கொள்கிறது. பெருக்கலில் மட்டும் முதல் எண்ணை வைத்துக்கொள்கிறது. அங்கே மேசையில் இருந்தது இந்த வகை. கேசியோவின் மேசைக் கணிப்பான்கள் பலவற்றில் இருப்பது வேறொரு முறை: செயல் விசையை இருமுறை அழுத்தினால்தான் எண் நிலைக்கும், திரையில் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து தோன்றி அதைத் தெரிவிக்கும். அங்கே நான்கு செயல்களிலும் முதலில் இடும் எண்ணே நிலைக்கிறது; 2 − − 9 = என்று அழுத்தினால் 9இலிருந்து 2 கழிந்து 7 வரும், 5 = என்று தொடர்ந்தால் 3 வரும். விசையை ஒருமுறை மட்டும் அழுத்தியிருந்தால் எதுவும் நிலைக்காது; அடுத்த எண்ணை இட்டு = அழுத்தினால் அந்த எண்ணே திரும்ப நிற்கும்.

இந்த இடத்தில் அந்தப் பெண்ணின் நம்பிக்கை எவ்வளவு நியாயமானது என்பதைச் சொல்லியாக வேண்டும். அன்று காலை அதே மேசைக் கணிப்பானில்தான் அவர் சாக்குக் கழிவையும் போட்டிருக்கிறார். 49 − 1 = 48; பிறகு 46 = என்று அழுத்த 45; இப்படியே 23 வரிகளும் சரியாக வந்தன. கழித்தலில் இரண்டாவது எண் நிற்கிறது என்பதை அந்தக் கருவியே அவருக்கு 22 முறை காட்டியிருக்கிறது. அடுத்த நிமிடம் பெருக்கலுக்குப் போனபோது அது முதல் எண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று எதை வைத்து அவர் நினைப்பார்? கணினியும் அவர் பழக்கத்தை உறுதிசெய்தது, கழித்தலும் உறுதிசெய்தது. இவரைக் கவனமில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிக்கையிலும் அப்படி எழுதவில்லை.

= விசையைத் திரும்பத் திரும்ப அழுத்துவதும் இந்த விதியிலிருந்தே வருகிறது. அந்த மேசைக் கணிப்பானில் 2 × 3 = = = என்று அழுத்தினால் 6, 12, 24 என்று வரும்; நிலைத்த 2 ஒவ்வொரு முறையும் பெருக்குகிறது. கணினியில் அதே விசைகளுக்கு 6, 18, 54 என்று வரும். அங்கே நிலைத்தது 3. பத்தாயிரம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டு வட்டியில் ஐந்து ஆண்டு முடிவில் என்ன வரும் என்று பார்க்க, மேசைக் கணிப்பானில் 1.08 × 10000 என்று இட்டு = விசையை ஐந்து முறை அழுத்தினால் 14,693.28 கிடைக்கும். எண்களை இடம் மாற்றி இட்டால் முதல் அழுத்தலில் 10,800 சரியாக வந்து, இரண்டாவது அழுத்தலில் 10,80,00,000 என்று எகிறும். அங்கே பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்; வெங்காயக் கணக்கில் அந்த உதவி கிடைக்கவில்லை.

செயல் அலுவலர் தன் கைப்பேசியை எடுத்துக் காட்டி, அதில் எப்படி என்று கேட்டார். கைப்பேசியில் ஒரு விதியைச் சொல்லி அதை நம்பச் சொல்வதற்கு எனக்குத் துணிவில்லை. 2024 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 18இல் கணிப்பான் புதிதாக மாற்றப்பட்டபோது, = விசையைத் திரும்ப அழுத்தினால் முந்தைய செயல் மீண்டும் நடக்கும் வசதி இல்லாமல் போனது; 2025 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 18.3 அதைத் திருப்பிக் கொடுத்தது. அந்த நான்கு மாதங்களில், பல ஆண்டுப் பழக்கத்தோடு = விசையை அழுத்தியவர்களுக்கு அவர்கள் கையிலிருந்த அதே கருவி வேறொன்றாகியிருந்தது. மேசைக் கணிப்பான் வாங்கிய நாளில் எப்படியோ கடைசிவரை அப்படியே இருக்கும். கைப்பேசியில் ஓர் இரவுப் புதுப்பிப்பில் விதி மாறலாம்.

கைப்பிடி இயந்திரத்தின் அமைப்பு

பெருக்கலுக்கு மட்டும் ஏன் முதல் எண்? இந்தக் கேள்வி என்னைச் சில நாட்கள் விடவில்லை. மின்னணுக் கணிப்பான்களுக்கு முந்தைய கைப்பிடி இயந்திரங்களின் அமைப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது என்பது என் கருத்து. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஓட்னர் என்ற பொறியாளர் 1890 முதல் தயாரித்த இயந்திரமும், ஜெர்மனியில் 1892 முதல் வந்த புருன்ஸ்விகாவும் ஒரே அமைப்பு. முகப்பில் உள்ள நெம்புகளை நகர்த்தி ஓர் எண்ணை அமைத்துவிட்டுக் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால், அந்த எண் விடைப் பகுதியில் ஒருமுறை கூடும். எதிர்த்திசையில் சுற்றினால் ஒருமுறை கழியும். நெம்புகளில் அமைத்த எண், நாமாக அழிக்கும்வரை அங்கேயே நிற்கும்.

அந்த இயந்திரத்தில் 52.5ஐ 48ஆல் பெருக்க, நெம்புகளில் 525 என்று அமைத்து, எட்டு முறை சுற்றி, விடைப் பகுதி அமைந்த நகரும் வண்டியை ஓரிடம் நகர்த்தி, நான்கு முறை சுற்ற வேண்டும். அடுத்து 45ஆல் பெருக்க வேண்டுமென்றால் விடைப் பகுதியை மட்டும் அழித்துவிட்டு ஐந்து சுற்று, நகர்த்தல், நான்கு சுற்று. நெம்புகளைத் தொட வேண்டியதே இல்லை. ஆக, பெருக்கலில் நெம்பில் நிற்பது பெருக்கப்படும் எண், அதாவது முதலில் அமைத்த எண். வகுத்தலில் வகுபடும் எண் விடைப் பகுதியில் இருக்கும். நெம்பில் நிற்பது வகுக்கும் எண், இரண்டாவது எண். கழித்தலில் நெம்பில் நிற்பது கழிக்கப்படும் தொகை, கூட்டலில் கடைசியாகக் கூட்டிய தொகை. பெருக்கலில் முதலாவது, மற்ற மூன்றில் இரண்டாவது என்று, முன்னர் விளங்காததாகத் தோன்றிய அதே பட்டியல் இங்கே அச்சுப் பிசகாமல் வந்து நிற்கிறது. இப்படிப் பார்த்த பிறகு அந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை எனக்கு இல்லாமல் போனது. நெம்பில் எது நிற்கும் என்று நினைத்துக்கொண்டால் விடை கிடைத்துவிடுகிறது.

இருமுறை போட்டும் சிக்காதது ஏன்

அவர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். இரண்டு தடவையும் முதல் வரியிலிருந்தே தொடங்கினார்; எனவே இரண்டு தடவையும் 48 என்ற அதே எண்தான் நிலைத்தது, 23 தொகைகளும் அச்சு அசலாக மீண்டும் வந்தன. அந்தக் கணிப்பானில் ஜிடி என்ற விசையும் உண்டு; ஒவ்வொரு = விசைக்கும் வந்த விடைகளையெல்லாம் கூட்டி வைத்திருந்து மொத்தத் தொகையைக் காட்டும். அதை அழுத்தியபோது 54,360 வந்தது. பட்டியலைத் தனியே கூட்டியபோதும் 54,360 வந்தது. தவறான தொகைகளின் கூட்டுத்தொகை சரியாக இருந்தது. சரிபார்த்துவிட்டோம் என்ற மனநிறைவை அது கொடுத்ததே தவிர வேறெதையும் சரிபார்க்கவில்லை.

பட்டியலைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் போட்டிருந்தால் நிலை வேறு. அன்று கடைசியாக வந்தவரின் எடை 63 கிலோ, அவருக்கு 3,307.50 என்று சரியாக வந்து, அதற்குப் பிறகு எல்லோருக்கும் 63ஆல் பெருகி, ஒரு வரிகூட முன்பு எழுதியதோடு ஒத்துப்போகாமல் கூச்சலிட்டிருக்கும். மறுபார்வை என்பது முதல் பார்வை நடந்த பாதையிலேயே நடந்தால், அங்கே இருந்த குழியில் மறுபடியும் அதே காலை வைக்கும். கீழிருந்து மேலாகப் போடுவதற்குக் கூடுதலாக ஒரு நொடிகூடச் செலவில்லை.

இன்னொன்றையும் குறித்துவைக்கிறேன். பட்டியலின் நடுவில் ஏதாவது ஓர் எண்ணைத் தவறாக இட்டு, எல்லாவற்றையும் அழிக்கும் ஏசி விசையை அவர் அழுத்திவிட்டு அந்த வரியை முழுதாகப் போட்டிருந்தால், அந்த வரி சரியாக வந்து, அங்கிருந்து வேறோர் எடை விலையாக நின்றிருக்கும். வேலையின் நடுவே எழுந்து போய்க் கணிப்பான் தானாக அணைந்திருந்தாலும் அப்படியே. அப்போது கிலோவுக்கு 4.50 என்ற சீரான அளவு கிடைத்திருக்காது; இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாளாவது ஆகியிருக்கும். அவர் ஒரே மூச்சில், ஒரு விசைகூடத் தவறாமல் போட்டதால்தான் பிழை இவ்வளவு ஒழுங்காக இருந்தது.

செய்த மாற்றங்கள்

இனிமேல் இந்த வசதியையே யாரும் தொடக் கூடாது என்று இயக்குநர்களில் ஒருவர் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் ×, 5, 2, புள்ளி, 5 என்று ஐந்து விசைகள் மிச்சமாகின்றன. 22 வரிகளுக்கு 110 விசைகள். அந்த 110 அழுத்தல்களில் ஒவ்வொன்றும் விரல் பிசக ஓர் இடம். விலையை ஒவ்வொரு முறையும் புதிதாக இடுவதில் வரும் பிழைகள் வரிக்கு வரி வேறாக இருக்கும். அவற்றைத் தேடுவது இதைவிடக் கடினம். வசதி நல்லதுதான், கையிலிருக்கும் கருவி அதை எந்த முறையில் செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பயன்படுத்தியதுதான் தீங்கானது.

அதற்கு ஒரு சிறிய சோதனை போதும். 2 × 3 = என்று அழுத்தி, பிறகு 4 = என்று அழுத்த வேண்டும். 8 வந்தால் முதல் எண் நிலைக்கிறது. விலையை முதலில் இட வேண்டும். 12 வந்தால் இரண்டாவது எண் நிலைக்கிறது. விலையை இரண்டாவதாக இட வேண்டும். 4 வந்தால் எதுவும் தானாக நிலைக்கவில்லை. செயல் விசையை இருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். 2, 3, 4 என்று மூன்று வெவ்வேறு எண்களை எடுத்துக்கொள்வது முக்கியம்; 2 × 2 என்று தொடங்கினால் எது நிலைத்தது என்று தெரியாது. அலுவலகத்தில் இருந்த எல்லாக் கணிப்பான்களையும் அன்றே சோதித்து, அவற்றின் முதுகில் 8, 12, 4 என்று எழுதி ஒட்டினோம். ஒருவர் தன் மகனின் கல்லூரி அறிவியல் கணிப்பானைக் கொண்டுவந்திருந்தார். அதில் 4 வந்தது. அந்த வகையில் முந்தைய விடையைக் குறிக்கும் ஆன்ஸ் என்ற விசையைச் சேர்த்து ஒரு கோவையாக எழுதினால்தான் = விசையைத் திரும்ப அழுத்தித் தொடர முடியும்; பட்டுவாடா வேலைக்கு அது ஏற்றதல்ல.

‘விலையை முதலில் போடு’ என்று ஒரே வரியில் விதி வகுத்துவிடலாமே என்ற யோசனையும் வந்தது. மேசைக் கணிப்பானுக்கு அது சரி. கணினிக்குப் போனதும் அதே விதி அதே பிழையைத் தலைகீழாகக் கொண்டுவந்துவிடும், ஏனென்றால் அங்கே 52.5 × 48 = என்றதும் நிலைப்பது 48தான். எந்தக் கருவியிலும் ஒன்றுபோல நடக்கும் வழி நினைவு விசைதான். விலையை ஒருமுறை இட்டு, அதை நினைவில் சேர்க்கும் எம் பிளஸ் விசையை அழுத்திவிட்டு, நினைவிலிருந்து அதைத் திரும்ப எடுக்கும் எம்ஆர் விசையைக் கொண்டு 48 × எம்ஆர் =, 45 × எம்ஆர் = என்று போகலாம். வரிக்கு இரண்டு விசைகள் கூடுகின்றன. பெருக்கலில் எண்கள் எந்த வரிசையில் இருந்தாலும் விடை மாறாது. தொடங்கும் முன் நினைவில் பழைய தொகை எதுவும் இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தார். நான் அவருக்கு அதைக் கட்டாயமாக்கவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் கட்டாயமாக்கினேன். பட்டுவாடாப் பட்டியலின் அடியில் இப்போது இரண்டு வரிகள் இருக்கின்றன: எடைப் பத்தியின் கூட்டுத்தொகையை விலையால் பெருக்கிய தொகை, தொகைப் பத்தியின் கூட்டுத்தொகை. முன்னதைச் செயல் அலுவலரும் பின்னதைக் கணக்கு எழுதுபவரும் தனித்தனிக் கருவிகளில் போட்டு, இரண்டும் ஒன்றான பிறகே பணம் வெளியே போகும். செவ்வாய்க்கிழமை இந்த இரண்டு வரிகள் இருந்திருந்தால் 59,220க்கும் 54,360க்கும் உள்ள வித்தியாசம் உறுப்பினர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை குறைந்த 22 பேருக்கும் அடுத்த வாரமே மீதித் தொகை கொடுக்கப்பட்டது. 72 கிலோ கொண்டுவந்த பெரியவருக்கு 324 ரூபாய். எதற்கு என்று கேட்டு, கணிப்பானில் போட்டுக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகே கையெழுத்திட்டார். புதன்கிழமை அதிகம் பெற்ற 13 பேரிடம் விவரத்தைச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு அடுத்தடுத்த மூட்டைகளின் தொகையில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளப்பட்டது. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த விளக்கக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று என் அறிக்கையின் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தேன். அடுத்த இயக்குநர் கூட்டத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. கோப்பில் அந்தக் கடிதம் இருந்த இடத்தில் இப்போது இந்த ஆய்வறிக்கையின் நகல் இருக்கிறது.